நெல்லுக்கு வெட்டிய ஏரி

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

பறவைகள் சரணாலயம் என்றதும் நம்மில் பலருக்கு அடர்ந்த காடும் முள்வேலியும் காக்கிச் சட்டையும்தான் கண்முன் நிற்கும். மனிதன் புழங்காத இடத்தில்தான் பறவைகள் நிம்மதியாக வாழும் என்று எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் நம் தமிழ்நாட்டுச் சரணாலயங்களின் பெயர்களை ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: வேடந்தாங்கல், கரிக்கிலி, வேட்டங்குடி, கூந்தன்குளம், வடுவூர், சித்திரங்குடி, உதயமார்த்தாண்டபுரம், கரைவெட்டி. கோடியக்கரை, பழவேற்காடு போன்ற கடலோர இடங்களை நீக்கிவிட்டால், எஞ்சுபவற்றுள் மிகப் பல ஏரிகளே, கண்மாய்களே. அவற்றைப் பறவைக்கென்று எவரும் வெட்டவில்லை. நெல்லுக்கென்று வெட்டினார்கள். கரை போட்டு, மதகு வைத்து, கலிங்கு கட்டி, வாய்க்கால் இழுத்து மனிதன் தன் வயிற்றுப்பாட்டுக்காகச் செய்த வேலை அது. பறவை பின்னால் வந்து சேர்ந்துகொண்டது.

இவ்வளவு எளிய செய்தியை நாம் ஏன் மறந்தோம் என்ற கேள்வி, சென்ற ஜனவரி மாதம் எங்கள் துறையினர் கரைவெட்டிக்குச் சென்று வந்தது முதல் என்னை விடாமல் தொடர்கிறது. அன்று கண்டவற்றையும், அவற்றைக் கொண்டு என் மனத்தில் எழுந்த கருத்தையும் இங்கே எழுதுகிறேன். மாறுபடுவோர் இருப்பர், இருக்கட்டும்.

பேராசிரியர்கள் இருவர், மாணவ மாணவியர் பதினான்கு பேர். விருத்தாசலம் சந்திப்பிலிருந்து அரியலூருக்குப் பாசஞ்சர் ரயில், அங்கிருந்து பேருந்து. அரியலூர் மண்ணுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் அது கடலாகக் கிடந்தது. அன்றைய சிப்பிகளும் அம்மோனைட்டுகளும் இன்று கல்லாகி நிலத்தில் கிடக்கின்றன. அந்தக் கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக் கல்லைத்தான் சிமெண்டு ஆலைகளின் லாரிகள் இன்று வாரிச் செல்கின்றன. அந்த லாரிகளுக்குப் பின்னால் புழுதி தின்றுகொண்டே கீழப்பழுவூர் போய்ச் சேர்ந்தோம். பொன்னியின் செல்வன் படித்த நண்பர்கள் பழுவேட்டரையரின் ஊர் இதுதானா என்று சன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். அதன் பின் வயல்கள். வயல்களைக் கடந்து ஏரிக்கரை.

கரைவெட்டி ஏரியின் பரப்பு சுமார் 454 ஹெக்டேர். நம் கணக்கில் ஆயிரத்து நூறு ஏக்கருக்கும் மேல். மழைநீரோடு காவிரி நீரும் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக இங்கே வருகிறது. அதாவது மேட்டூரில் திறக்கும் தண்ணீரில் ஒரு பங்கு இந்த ஏரிக்கும் உண்டு. 1999-ஆம் ஆண்டு இது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் உலகச் சிறப்பு வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் இடம் பெற்றது. ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் 1971-இல் உலக நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி தயாராகும் பட்டியல் அது. நம் மாநிலத்திலிருந்து அதில் சேர்ந்த இடங்கள் 2025 பிப்ரவரியில் இருபதாயின. அந்தப் பட்டியலுக்கான குறிப்பிலேயே, இந்த ஏரி நீரைக் கொண்டு நெல்லும் கரும்பும் பருத்தியும் சோளமும் துவரையும் விளைகின்றன என்று எழுதியிருக்கிறார்கள். உலகப் பட்டியல் எழுதியவர்களுக்கே வயல் நினைவிருக்கிறது. சுற்றிப் பார்க்கப் போகும் நமக்குத்தான் மறந்துவிடுகிறது.

கரையேறியதும் முதலில் கண்ணுக்குத் தெரிந்தது வெறும் தண்ணீரும் கருவேல மரங்களுமே. பனி இன்னும் விலகவில்லை. கண்ணுக்கு முன்னால் காதுதான் விழித்தது. நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் மெல்லிய குரலில் சீட்டி அடிப்பதுபோல் ஓர் ஒலி. நாமத்தலை வாத்தின் குரல் அது என்று பேராசிரியர் சொன்னார். வெயில் ஏற ஏற, தண்ணீரில் மிதந்த கரும்புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பறவைகளாயின. கறுத்த உடலும் வெள்ளை நாமமுமாக நாமக்கோழிகள் மிகுதி. ஊசிபோல் வால் நீண்ட ஊசிவால் வாத்து, அகப்பை போல் அலகு கொண்ட தட்டைவாயன் ஆகியவை நடுநீரில் கூட்டம் கூட்டமாக இருந்தன. ஓரத்துத் தாமரை இலைகளின் மீது, வீட்டு முற்றத்தில் நடப்பதுபோல் இலைக்கோழி நடந்துகொண்டிருந்தது. அதன் நீண்ட விரல்கள் உடலின் பாரத்தைப் பரப்பிவிடுவதால் இலை அமிழ்வதில்லை. முக்குளிப்பான் ஒன்று எங்களைப் பார்த்ததும் முங்கியது. எங்கே எழும் என்று ஆளுக்கொரு பக்கம் பந்தயம் கட்டினோம். ஒருவரும் வெல்லவில்லை. பட்டமரம் ஒன்றில் பாம்புத்தாரா சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. அதன் அடியிலேயே நீர்க்காகங்கள்.

நத்தைகுத்தி நாரையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதன் அலகு இரண்டும் நுனியில் சேரும்; நடுவில் சேராது. சாமணத்தைப் பாதி மூடியதுபோல் ஓர் இடைவெளி தெரியும். நத்தையை ஓட்டிலிருந்து பெயர்த்தெடுக்க அந்த அமைப்பு உதவுகிறது. அது பெரிதும் விரும்பி உண்ணும் நத்தை வேறொன்றுமில்லை: நாம் ஆய்வுக்கூடத்தில் மெழுகுத் தட்டில் குத்தி வைத்துப் பைலா என்று பெயர் எழுதிப் படம் வரைகிறோமே, அதே நத்தைதான். நம் வயலிலும் வாய்க்காலிலும் வளர்வது. வயலில் பூச்சிமருந்து மிகுந்தால் நத்தை குறையும். நத்தை குறைந்தால் இந்த நாரை எந்தச் சரணாலயத்தில் இருந்தும் பயனில்லை. அது தூங்குவது வனத்துறையின் மரத்தில், உண்பது உழவனின் வயலில். கொக்கும் நாரையும் நண்டு பிடிப்பதையும் பார்த்தோம். வரப்பில் பொத்து விழுந்து தண்ணீர் ஒழுகிப்போவதால் நண்டை நம் ஊரில் எவ்வளவு வைவார்கள் என்பது வயல் வேலை அறிந்தவருக்குத் தெரியும்.

நாங்கள் காணப் போனது முதன்மையாக வரித்தலை வாத்தைத்தான். காலை பத்து மணி வரை அது கண்ணில் படவில்லை. ஏரியின் மறு ஓரத்தில், தண்ணீர் வற்றிப் புல் முளைத்திருந்த திட்டில் ஒரு கூட்டம் மேய்ந்துகொண்டிருப்பதைப் பிறகு காட்டினார்கள். வெளிர் சாம்பல் உடல். வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புக் கோடுகள். கண்டதும் யாரும் பேசவில்லை. திபெத், மங்கோலியா, லடாக் முதலிய உயர்ந்த நிலப்பகுதிகளின் ஏரிக்கரைகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, இமயமலையைக் கடந்து தெற்கே வருவது இந்த வாத்து. 7,000 மீட்டருக்கும் மேலே அது பறந்ததை, உடலில் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த உயரத்தில் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் நமக்கு மூச்சுத் திணறும் அளவுக்குக் குறைவு. வாத்துக்கோ அதன் குருதியிலுள்ள ஹீமோகுளோபினில் ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதனால் ஆக்ஸிஜனை இன்னும் இறுகப் பற்றும் ஆற்றல் வாய்த்திருக்கிறது. அதன் உறவினங்களாகிய தரைமட்டத்து வாத்துகளுக்கு அந்த ஆற்றல் அவ்வளவு இல்லை. ஒரேயொரு அமினோ அமிலம் இமயத்தைத் தாண்ட உதவுகிறது என்றால், உயிர்வேதியியல் வகுப்பில் இனித் தூக்கம் வராது என்று நண்பர் ஒருவர் சொன்னார். (வந்தது. அது வேறு செய்தி.) மங்கோலியாவில் கழுத்துப்பட்டை அணிவிக்கப்பட்ட வாத்துகள் தென்னாட்டு ஏரிகளில் காணப்பட்டிருக்கின்றன. இவ்வளவு தொலைவு வந்து அந்தப் பறவை எதை உண்கிறது? ஏரியோரத்துப் புல்லையும், அறுத்த வயலில் சிந்திய நெல்லையும்.

பகல் உணவுக்குக் கரையின் புளிய நிழலில் அமர்ந்தோம். மாடு ஓட்டிக்கொண்டு வந்த முதியவர் ஒருவர் எங்களைப் பார்த்து நின்றார்.

“காலேஜ் புள்ளைங்களா? எந்த ஊரு?”

“விருத்தாசலம் பக்கம் நல்லூருங்க ஐயா.”

“அங்க ஏரி இல்லியா? இம்மாந்தூரம் வந்து பாக்குறீங்க?”

எங்களுள் சிலர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் அமர்ந்து சிறிது நேரம் பேசினார். ஏரித் தண்ணீரை நம்பித் தமக்கு ஒன்றரைக் காணி நிலம் இருப்பதாகச் சொன்னார். பறவை வருவதில் உங்களுக்குத் தொந்தரவு உண்டா என்று கேட்டேன். “பறவையால ஒண்ணுமில்ல தம்பி. தண்ணிதான். தெறந்து வுடுங்கன்னு நாங்க கேக்குறோம். கொஞ்சம் நிறுத்தி வையுங்கன்னு பறவைக்காக பேசுறவங்க கேக்குறாங்க. ரெண்டு பேரும் கேக்குறது ஒரே தண்ணி” என்றார்.

முழு வழக்கையும் அவர் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார். மேட்டூர் அணையை ஜனவரி 28-இல் அடைப்பது நெடுநாளைய வழக்கம். அதன் பிறகு ஏரிக்கு ஆற்று நீர் கிடையாது, இருப்பு மட்டுமே. வயலில் நிற்கும் பயிருக்கு அந்த இருப்பு வேண்டும். வடக்கே திரும்பிச் செல்லும் வரை, அதாவது ஏறத்தாழ மார்ச்சு மாதம் வரை, பறவைக்கும் அதே இருப்பு வேண்டும். பயிர் காய்ந்தால் உழவன் கடன்காரனாவான். நீர் வற்றினால் பறவை வேறிடம் தேடிப் பறக்கும். வேறிடம் இல்லையேல் மடியும். இதில் யார் பக்கம் பேசுவது?

இயற்கை ஆர்வலர்களில் ஒரு சாரார் உழவனைத் தடையாகவே காண்கின்றனர் என்பது என் எண்ணம். உழவர்களுக்காகப் பேசுவோரில் ஒரு சாராரோ, பறவை பார்ப்பதை வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுகின்றனர். இரண்டு கட்சியும் ஏரியின் அடியைப் பார்ப்பதில்லை. ஒவ்வோர் ஏரியிலும் மதகின் அடிமட்டத்துக்குக் கீழே கொஞ்சம் தண்ணீர் நிற்கும். மதகைத் திறந்தாலும் அது வெளியேறாது. பாசனத்துக்குப் பயன்படாத அந்தக் கடைசி நீர்தான் கோடையில் மீனுக்கும் மாட்டுக்கும் கிணற்று ஊற்றுக்கும் பறவைக்கும் உயிர். ஏரி தூர்ந்து மேடாகும்போது முதலில் பறிபோவது அந்த நீரே. அதன் பின்தான் பாசன நீரும் குறைகிறது; உழவனும் பறவையும் மிச்சத்துக்குச் சண்டையிடும் நிலை வருகிறது. ஆதலால் ஏரியை முறையாகத் தூர் வாரிவிட்டால் இருவர் வழக்கும் முற்றாகத் தீராவிடினும் பாதி தீரும். பறவையின் பேரால் உழவனுக்கு நீரை மறுப்பதைவிட, உழவனின் பேராலேயே ஏரியை ஆழப்படுத்துவது பறவைக்கும் நன்று.

முறையாக என்று சொன்னேன். அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. உழவர்கள் ஏரி வண்டலைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளலாம் என்று தமிழக அரசு 2017-இல் வழிசெய்தது. நல்ல திட்டம். வண்டல் வயலுக்கு உரம், ஏரிக்கு ஆழம். ஆனால் வண்டல் என்ற பெயரில் நடப்பது எல்லா இடத்திலும் வண்டல் எடுப்பது அன்று. செங்கல் சூளைக்கும் சாலைக்கும் மண் வேண்டுவோர் ஏரியின் நடுவில் ஜேசிபியை இறக்கிக் கிணறு போல் செங்குத்தாகத் தோண்டிவிடுகின்றனர். உள்ளான் ஓர் அங்குல நீரில் மேயும். மடையான் கணுக்கால் நீரில் நிற்கும். கரண்டிவாயனுக்கு முழங்கால் நீர் போதும். சரிவாக ஆழமாகும் ஏரியில் இவை எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. செங்குத்துக் குழியில் ஒன்றுக்கும் இல்லை. பறவைக்கு மட்டுமா? அத்தகைய குழிகளில் நீர் நிற்பது தெரியாமல் இறங்கிய பிள்ளைகள் மூழ்கி இறந்த செய்திகளை ஆண்டுதோறும் படிக்கிறோம். ஓரத்தில் சரிவை விட்டு, நடுவில் இரண்டொரு திட்டுகளை மரத்தோடு நிறுத்தி, அடுக்கடுக்காக மண் எடுப்பதற்குக் கூடுதல் செலவு ஒன்றும் ஆகாது. மேற்பார்வை வேண்டும், அவ்வளவே.

உழவனும் பறவையும் பகைவரல்லர் என்பதற்கு நம் நாட்டிலேயே பழஞ்சான்று உண்டு. வேடந்தாங்கல் ஊரார், வெள்ளைச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுடுவதை எதிர்த்து முறையிட்டு, 1798-இல் செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் என்பவரிடம் பாதுகாப்பு உரிமை பெற்றனர். 1858-இல் அது மீண்டும் உறுதி செய்யப்பட்டது. அவர்கள் எந்தப் பல்கலைக்கழகத்திலும் சூழலியல் படித்தவரல்லர். பறவையின் எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த வயலில் பயிர் செழிக்கிறது என்பதைக் கண்ணால் கண்டவர்கள். நாம் அதற்கு நைட்ரஜன், பாஸ்பரஸ் என்று பெயர் சொல்கிறோம். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. கூட்டிலுள்ள குஞ்சுகள் அஞ்சுமே என்று தம் பிள்ளைகளின் ஆசையை அடக்கிக்கொள்ளும் ஊர் அது. இதற்கு மாறாக, வேடந்தாங்கலைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் என்றிருந்த பாதுகாப்பு எல்லையை மூன்றாகக் குறைக்கும் யோசனை 2020-ஆம் ஆண்டு எழுந்தபோது, அதைக் கேட்டது நெல் விளைவிக்கும் எவரும் அல்லர்.

இனி அந்த முதியவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அங்கே ஏரி இல்லையா?

இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரிதும் சிறிதுமாகச் சுமார் 39,000 ஏரிகள் உள்ளன என்பது அரசின் கணக்கு. சரணாலயமானவை அவற்றுள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. எஞ்சிய ஏரிகளில் பறவை இல்லையென்றா பொருள்? எண்ணுவார் இல்லை என்றுதான் பொருள். நல்லூர் மணிமுத்தாற்றங்கரை ஊர். எங்களைச் சுற்றிலும் ஏரிகளும் குட்டைகளும் உண்டு. சிறுவயது முதல் நான் அவற்றில் நாரையைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பார்த்தேன் என்று எங்கும் எழுதி வைத்ததில்லை. திட்டக்குடியை அடுத்து, கீழச்செருவாயில் 1923-இல் கட்டி முடிக்கப்பட்ட வெலிங்டன் ஏரி இருக்கிறது. (அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லிங்டன் பிரபுவின் பெயர் அது. நெப்போலியனை வென்ற வெலிங்டனுக்கும் நம் ஏரிக்கும் தொடர்பில்லை. மக்கள் நாவில் அப்படித் திரிந்துவிட்டது.) வெள்ளாற்று நீரைத் தேக்கும் அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு இவ்வட்டாரத்தில் வேறில்லை. வீராணம் சற்றுத் தொலைவில் இருக்கிறது. அதன் நீர் 2004 முதல் சென்னை வரை குழாயில் போகிறது. இந்த ஏரிகளில் குளிர்காலத்தில் என்னென்ன பறவை வருகிறது, எத்தனை வருகிறது, சென்ற ஆண்டைவிடக் கூடியதா குறைந்ததா என்று கேட்டால் நம் கல்லூரியில் விடை சொல்ல ஆளில்லை. அமேசான் காட்டின் பரப்பு குறைவதைத் தேர்வில் மூன்று பக்கம் எழுதுகிறோம்.

எண்ணிக்கை இல்லாததன் விளைவு என்ன? ஓர் ஏரியில் மண் எடுக்க அனுமதி கேட்கும்போதோ, ஒரு சாலையோ கட்டடமோ ஏரிக்குள் நீளும்போதோ, ‘இங்கே என்ன இருக்கிறது, வெறும் குட்டை’ என்று சொல்லிவிட முடிகிறது. ‘இங்கே இந்த ஆண்டு இன்ன தேதியில் இத்தனை நாரை நின்றது’ என்ற ஒரு தாள் இருந்தால் அப்படிச் சொல்வது கடினம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நம் பக்கத்துச் சாலையோரங்களில் மடையானையும் கொக்கையும் கால்கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு விற்பதைப் பார்த்திருக்கிறோம். மடையோரம் நிற்பதைக் கண்டுதான் மடையான் என்று பெயரிட்டார்களோ என்னவோ. இன்று அது தார்ச்சாலையோரம் தொங்குகிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். குற்றம் குற்றமே, கறி தின்னும் ஆசைக்குக் கார் நிறுத்தி வாங்குவோரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆனால் கண்ணி வைத்துப் பத்து மடையானைப் பிடித்தவன் அகப்பட்டால் அபராதம் கட்டுகிறான், சிறைக்குப் போகிறான். அந்த மடையான் நின்ற ஏரியையே குழியாக்கி, ஆண்டாண்டுக்கும் ஒரு மடையானும் நிற்க முடியாமல் செய்தவனை எந்தக் காவலர் பிடிப்பார்? சட்டத்தின் கண்ணுக்குக் கூண்டில் உள்ள பறவை தெரிகிறது. வராமல் போன பறவை தெரிவதில்லை. கண்ணி வைப்பவர்களில் பலர் நிலமோ நிலையான வேலையோ இல்லாதவர்கள். ஏரியின் எந்த மூலையில் எந்தப் பறவை எந்த மாதத்தில் இறங்கும் என்று அவர்களைப் போல் அறிந்தவர் ஊரில் இல்லை. கணக்கெடுப்புக்குக் கூலி கொடுத்து அவர்களையே அழைத்துப் போகலாமே என்று துறைக் கூட்டத்தில் நான் சொன்னபோது சிலர் நகைத்தனர். இங்கும் அதையே சொல்கிறேன்.

பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். கரைவெட்டியில் எங்கள் கையிலிருந்த படநூல்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. சாலிம் அலி 1941-இல் முதன்முதல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூலின் பெருமையை நான் குறைக்கவில்லை. அந்நூல் இன்றேல் நம்மில் பலர் பறவை பார்க்கவே கற்றிருக்க மாட்டோம். ஆனால் ஒரு பறவையின் ஆங்கிலப் பெயரைச் சொல்லி எங்களுக்குள் வாதிட்டுக்கொண்டிருந்தபோது, மாடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் ‘அது தாழக்கோழி’ என்று சொல்லிவிட்டுப் போனான். எங்கள் வாதமும் முடிந்தது. பேராசிரியர் க. ரத்னம் ‘தமிழில் பறவைப் பெயர்கள்’ என்று ஒரு நூலே எழுதியிருக்கிறார். செங்கால் நாரையைத் தன் மனைவிக்குத் தூதுவிட்ட சத்திமுத்தப் புலவர், அப்பறவை தெற்கே வந்து மீண்டும் வடக்கே செல்வதை அறிந்தே பாடியவர். வலசை என்ற செய்தி நமக்கு வெளிநாட்டு நூல் வழியாக வந்ததன்று. தமிழ்வழி படித்து வந்து ஆங்கிலத்தைக் கண்டு தயங்கும் என்னைப் போன்ற மாணவர்களுக்கு, இந்த ஒரு பாடத்திலாவது கையில் முதல் இருக்கிறது.

வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்னும் குற்றச்சாட்டுக்கு இதுவே என் விடை. எங்கள் பயணத்துக்கு ரயில், பேருந்து, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கிய வீடுகளுக்குப் பேராசிரியை நேரில் சென்று பேசியதால் ஆறு பேர் வந்தனர். அவர்களில் ஒருவர்தான் வரித்தலை வாத்துக் கூட்டத்தை முதலில் எண்ணி முடித்தவர். இனம் கண்டு நாங்கள் குறித்தவை முப்பத்தெட்டு வகை. கரைவெட்டியில் ஏறத்தாழ 198 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன என்பதால் பெருமைப்பட ஒன்றுமில்லை. முதல் முயற்சிக்கு மோசமும் இல்லை.

இனிச் செய்யவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஆசிய நாடுகள் பலவற்றில் 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. தமிழ்நாட்டிலும் 2015 முதல் பொங்கலையொட்டிய நாட்களில் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்தி வருகிறார்கள். அதில் சேரப் பட்டமோ கட்டணமோ தேவையில்லை. ஓரிடத்தில் கால்மணி நேரமாவது நின்று, கண்டதை எண்ணி, கைப்பேசியில் இ-பேர்ட் என்னும் செயலியில் பதிந்தால் போதும். பொங்கலுக்கு நாம் எல்லோரும் எப்படியும் நம் நம் ஊரில்தான் இருப்போம். விடுதி மாணவர்கள், நாள்தோறும் வந்து போவோர் அனைவரையும் சேர்த்தால் நம் கல்லூரி மாணவர் காலடி படாத ஏரி இவ்வட்டாரத்தில் இராது. மாட்டுப் பொங்கலன்று மாடு குளிப்பாட்ட ஏரிக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லலாம். பைனாகுலர் இல்லாவிட்டால் குற்றமில்லை. கொக்கையும் நாரையையும் நீர்க்காகத்தையும் வெறுங்கண்ணால் எண்ணலாம். துறையில் உள்ள பைனாகுலர்களை அந்த நான்கு நாட்களுக்கு மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டு மாணவரிடம் தர வேண்டும் என்று முதல்வர் அவர்களையும் துறைத் தலைவர் அவர்களையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அலமாரியில் இருப்பதால் அவற்றின் கண்ணாடியில் பூஞ்சைதான் படிகிறது.

பதிந்த கணக்கை ஏரிவாரியாக எழுதி, ஒரு படி நூலகத்திலும் ஒரு படி அந்தந்த ஊராட்சி அலுவலகத்திலும் வைக்க வேண்டும். மண் எடுக்க மனு வரும் நாளில் அந்தத் தாள் அங்கே இருக்க வேண்டும்.

நல்லூரைச் சுற்றியுள்ள ஏரிகளுக்கு நான் பொறுப்பேற்கிறேன். வெலிங்டன் ஏரி ஒருவரால் ஆகாது. திட்டக்குடிப் பக்கமிருந்து வரும் நண்பர்கள் நால்வராவது மார்கழிக்குள் விலங்கியல் துறையில் பெயர் கொடுக்க வேண்டும்.